18446744073709551615: இந்த இருபது இலக்க எண்ணைக் கையாலேயே பகாக் காரணிகளாகப் பிரிக்க முடியுமா?

மாலைவகுப்பு:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலருக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் பெருக்குத் தொடர் நடத்தியபோது, சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் பழைய கணக்கை எடுத்துக்கொண்டேன். அறுபத்து நான்கு கட்டங்களின் கூடுதல் 2⁶⁴ − 1. நம் முறையில் காற்புள்ளியிட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. கிராமுக்கு 50 அரிசி என்று கொண்டால், இது ஏறத்தாழ 36,893 கோடி டன் ஆகிறது. உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றே தாண்டும் என்பதால், எழுநூறு ஆண்டு விளைச்சல் இதற்கு வேண்டியிருக்கும்.

என் கேள்வி அரிசியைப் பற்றியதன்று, எண்ணைப் பற்றியது. விடையைச் சரிபார்க்க விரிதாளில் இட்டபோது 18446744073709600000 என்று காட்டியது. அதைப் பார்த்த ஒரு மாணவி, "கடைசியில் ஐந்து பூச்சியம் இருக்கிறதே, அப்படியானால் இது ஒரு லட்சத்தால் வகுபடுமா?" என்று கேட்டார். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற இலக்கங்களில்தான் முடியும், அதில் ஒன்றைக் கழித்தால் ஒற்றை எண்தான் வரும், ஆகவே கடைசியில் பூச்சியம் வரவே முடியாது என்று கரும்பலகையில் விளக்கினேன். ஆனால் அத்துடன், "சரி, பிறகு எதனால்தான் வகுபடும்?" என்ற கேள்வி எழுந்துவிட்டது.

வகுத்துப் பார்த்தோம். இலக்கங்களின் கூடுதல் 87 என்பதால் 3ஆல் வகுபடுகிறது, 9ஆல் வகுபடவில்லை. ஐந்தில் முடிவதால் 5ஆல் வகுபடுகிறது. 17ஆலும் மீதியின்றி வகுபட்டது. இந்த மூன்றாலும் வகுத்தபின் கிடைத்தது 72340172838076673. இங்கேதான் நின்றுவிட்டோம். 7ஆல் வகுத்தால் மூல எண் மீதி 1 தருகிறது, 11ஆல் வகுத்தால் 4, 13ஆல் வகுத்தால் 2. மாணவர்கள் பங்கு போட்டுக்கொண்டு நூறு வரை முயன்றுவிட்டார்கள். நூறுக்குள் இருக்கும் 25 பகா எண்களில் 3, 5, 17 ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் வகுக்கவில்லை. இதற்கு ஏதேனும் காரணம் உண்டா? மீதமிருக்கும் பதினேழு இலக்க எண்ணைக் கணினியின் உதவியில்லாமல் உடைக்க வழி உண்டா? பத்தாம் வகுப்பு மாணவருக்குப் புரியும்படி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

இருமடி:

முதலில் அந்த விரிதாள் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பெரும்பாலான விரிதாள்கள் ஓர் எண்ணின் முதல் பதினைந்து இலக்கங்களை மட்டுமே காட்டும். மீதி இடங்களைப் பூச்சியத்தால் நிரப்பிவிடும். நீங்கள் பார்த்த ஐந்து பூச்சியங்கள் எண்ணின் பகுதி அல்ல. பதினைந்து இலக்கத்துக்கு மேல் செல்லும் எந்தக் கணக்கிலும் அவற்றின் கடைசி இலக்கங்களை நம்பி வகுபடும் தன்மையைச் சொல்லக்கூடாது என்பதை மாணவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லிவையுங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். இதை நீள் வகுத்தலால் தாக்குவது வீண் உழைப்பு. 64 என்பதே இரண்டின் அடுக்கு என்பதுதான் இந்த எண்ணின் உயிர்நாடி. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) என்ற ஒரே வாய்பாடு போதும்.

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

வலப்பக்கத்தின் இரண்டாம் காரணி மறுபடியும் அதே வடிவில் இருக்கிறது. ஆகவே அதை (2¹⁶ + 1)(2¹⁶ − 1) என்று உடைக்கலாம். அதன் கடைசிக் காரணியை மறுபடியும் உடைக்கலாம். இப்படியே 2 − 1 வரை இறங்கினால் கிடைப்பது இது:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

உங்கள் பதினேழு இலக்க எண் கடைசி மூன்றின் பெருக்கற்பலன்தான். அடுக்கை ஆறு முறை இரட்டித்து ஏறிய படிகளில் ஆறு முறை இறங்கி வந்திருக்கிறோம், அவ்வளவே. எண்ணைக் கட்டிய வழியும் இதுதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சுமார் 1000ஆம் ஆண்டிலேயே அல் பிரூனி சதுரங்கக் கணக்கின் இந்த விடையைச் சரியாக எழுதிவைத்திருக்கிறார். அவரும் அறுபத்து நான்கு முறை இரட்டித்துக் கூட்டவில்லை, வர்க்கப்படுத்தித்தான் ஏறினார். 2, 4, 16, 256, 65536, 4294967296 என்று ஐந்து முறை வர்க்கப்படுத்திவிட்டு ஆறாவது முறையும் செய்தால் 2⁶⁴ வந்துவிடும். கையால் செய்வதற்கு ஒரே ஒரு பெரிய பெருக்கல்தான் இருக்கிறது.

இந்த ஆறு காரணிகளில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது அப்படியல்ல, அதைப் பற்றி நன்கறிந்தவர்கள் எழுதட்டும்.

மீதிக்கணக்கு:

அந்த ஆறாவது காரணிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட ஃபெர்மா, இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களாகவே இருக்கும் என்று நம்பி 1640இல் கடிதங்களில் எழுதினார். அடுத்த எண்ணான 4294967297க்கு ஏறத்தாழ நூறாண்டுகள் யாரும் காரணி காணவில்லை. 1732இல் ஆய்லர் அது 641ஆல் வகுபடுகிறது என்று காட்டினார்.

4294967297 = 641 × 6700417

பெருக்கிப் பார்த்தால் உறுதியாகிவிடும் என்றாலும், பெருக்காமலேயே காணும் வழி ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் மட்டு எண்கணிதம் தெரிந்தால் போதும். 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: ஒன்று 5 × 128 + 1, மற்றொன்று 625 + 16. முதலாவதிலிருந்து, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1க்கு ஒருங்கிசைவானது, அதாவது இரண்டின் வித்தியாசம் 641இன் மடங்கு. இருபுறமும் நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பது +1க்கு ஒருங்கிசைவாகிறது. இரண்டாவதிலிருந்து 5⁴ என்பது −2⁴க்கு ஒருங்கிசைவானது. இதை முந்தையதில் இட்டால் −2³² என்பது 1க்கு ஒருங்கிசைவாகிறது. அதாவது 2³² + 1ஐ 641 மீதியின்றி வகுக்கிறது. பத்து இலக்க எண் ஒன்றை ஒருமுறைகூட எழுதாமல் அதன் காரணியை மெய்ப்பித்துவிட்டோம். நான் முதன்முதலில் இதைப் படித்த நாளில், தாளை மூடிவைத்துவிட்டு மனத்திலேயே மூன்று முறை செய்து பார்த்தேன்.

ஆக முழு விடை: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. எனவே வகுத்திகளின் எண்ணிக்கை 2⁷, அதாவது 128. எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் இதை வகுக்காது.

மாலைவகுப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று வகுப்பில் 641 பற்றிய பகுதியை அப்படியே செய்து காட்டினேன். ஆனால் மாணவர்கள் இரண்டு இடங்களில் என்னை நிறுத்தினார்கள், அவை நியாயமான தடைகளே. முதலாவது, 6700417 பகா எண்தான் என்பதற்கு என்ன உறுதி? அதன் வர்க்கமூலம் 2588க்கும் 2589க்கும் இடையில் இருப்பதால், அதுவரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுக்க வேண்டும் அல்லவா? அவை முந்நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இரண்டாவது, 641ஐ ஆய்லர் எப்படித் தேர்ந்தெடுத்தார்? அது கிடைத்தபின் மெய்ப்பிப்பது எளிதாக இருக்கிறது. கிடைப்பதற்கு முன் அவர் எங்கே தேடினார்? 7, 11, 13 ஏன் வகுக்கவில்லை என்ற பழைய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

மீதிக்கணக்கு:

உங்கள் மாணவர்கள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள். மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான், ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, 1, 2, 4, 8, 16 என்று போகும் இரண்டின் அடுக்குகளை அதனால் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். 7க்கு 1, 2, 4, 1, 2, 4 என்று மூன்று மூன்றாகச் சுழலும். 17க்கு 1, 2, 4, 8, 16, 15, 13, 9 என்று எட்டு மீதிகள் வந்தபின் மறுபடியும் 1 வரும். இந்தச் சுழற்சியின் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2⁶⁴ − 1ஐ ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அறுபத்து நான்காவது அடுக்கில் மீதி சரியாக 1ஆக வந்து நிற்க வேண்டும். அதாவது சுழற்சியின் நீளம் 64ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 64ன் வகுத்திகளோ 1, 2, 4, 8, 16, 32, 64 மட்டுமே. 7க்குச் சுழற்சி 3, 11க்கு 10, 13க்கு 12. இவற்றுள் எதுவும் 64ஐ வகுக்காது. உங்கள் மாணவர்கள் நூறு வரை வகுத்தும் மூன்றே எண்கள் தேறியதற்குக் காரணம் இதுதான். ஏழு காரணிகளின் சுழற்சி நீளங்களையும் எழுதினால், 3க்கு 2, 5க்கு 4, 17க்கு 8, 257க்கு 16, 65537க்கு 32, மீதியுள்ள 641, 6700417 இரண்டுக்கும் 64.

இனி ஆய்லர் தேடிய இடம். 2³² + 1ஐ ஒரு பகா எண் வகுத்தால், 2³² அதற்கு −1 என்ற மீதியையும் 2⁶⁴ மீதி 1ஐயும் தரும். ஆகவே சுழற்சி 64ஐ வகுக்கும், 32ஐ வகுக்காது. அப்படிப்பட்ட நீளம் 64 ஒன்றே. சுழற்சியின் நீளம் எப்போதும் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணை வகுக்கும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து வருவது. எனவே காரணி ஒவ்வொன்றும் 64இன் மடங்குடன் ஒன்றைக் கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். அவ்வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே காரணி அகப்பட்டுவிடுகிறது.

1878இல் எதுவார் லூக்கா இந்தச் சல்லடையை இன்னும் நெருக்கமாக்கினார். (ஹனோய் கோபுரப் புதிரை 1883இல் வெளியிட்டவரும் இவரே. 64 வட்டுகளுள்ள கோபுரத்தை இடம் மாற்றக் குறைந்தது 2⁶⁴ − 1 நகர்வுகள் வேண்டும். நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் 58,454 கோடி ஆண்டுகள் ஆகும்.) 2²⁴ − 2⁸, அதாவது 16776960 என்ற எண்ணை எடுங்கள். அதன் வர்க்கம் 2⁴⁸ − 2 × 2³² + 2¹⁶. இதில் முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் சேர்த்தால் 2¹⁶ × (2³² + 1) ஆகிறது. நம் பகா எண்ணால் அது மீதியின்றி வகுபட்டுவிடும். மிஞ்சுவது −2 × 2³². 2³² என்பது −1க்கு ஒருங்கிசைவானது என்பதால் இது 2 ஆகிறது. ஆக, 16776960இன் வர்க்கம் 2க்கு ஒருங்கிசைவானது. இரண்டின் அடுக்குகளுக்குச் சுழற்சி 64 என்றால், 16776960இன் அடுக்குகளுக்குச் சுழற்சி அதன் இருமடங்கான 128. எனவே காரணிகள் 128இன் மடங்கு கூட்டல் ஒன்று என்ற வடிவில்தான் இருக்கும்.

இப்போது 6700417க்கு வாருங்கள். அதன் பகாக் காரணி எதுவும் 2³² + 1இன் காரணியும்தான். ஆகவே 2588க்குள் 128இன் மடங்குடன் ஒன்று கூட்டிய பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை ஐந்தே: 257, 641, 769, 1153, 1409. இவற்றுள் 257க்குச் சுழற்சி 16 என்பதால் அது விலகிவிடுகிறது. மீதி நான்கு வகுத்தல்கள்தான். 641ஆல் வகுத்தால் மீதி 44, 769ஆல் 120, 1153ஆல் 334, 1409ஆல் 622. எதுவும் பூச்சியமில்லை, ஆகவே 6700417 பகா எண். முந்நூற்றுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் நான்காகக் குறைந்துவிட்டன.

65537க்கு இதைவிடவும் எளிது. அதே முறையில் அதன் காரணிகள் 64இன் மடங்கு கூட்டல் ஒன்று என்ற வடிவில் அமைய வேண்டும். 256க்குள் அவ்வடிவில் உள்ள ஒரே பகா எண் 193. வகுத்தால் மீதி 110. ஒரே வகுத்தலில் மெய்ப்பித்தாகிவிட்டது.

கோணகம்:

வகுத்திகள் 128 என்று சொன்னீர்கள். அவற்றுள் 32க்கு வடிவியலில் ஒரு தனிச் சிறப்பு உண்டு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். 1796இல் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்குப் பதினேழு கோணகத்தை வரையமுடியும் என்று கண்டுபிடித்தார். ஒற்றை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணம் ஒன்றை வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின், அதாவது இரண்டின் அடுக்குடன் ஒன்று கூட்டிய பகா எண்களின், பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் இயலாது என்ற மறுபாதியை 1837இல் வான்ட்செல் மெய்ப்பித்தார். அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் அந்த ஐந்து மட்டுமே. அவற்றின் பெருக்கற்பலன் 4294967295. அதன் வகுத்திகள் 32. 1ஐ விட்டுவிட்டால் முக்கோணத்தில் தொடங்கி 31 பலகோணங்கள்.

641ம் 6700417ம் இந்தக் கூட்டத்தில் சேரா. 641 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியாது. ஏனெனில் 640இல் 5 என்ற காரணி ஒளிந்திருக்கிறது, அது இரண்டின் தூய அடுக்கு அன்று.

பாஸ்கல் முக்கோணத்தை மாணவர்கள் அறிந்திருந்தால் இதையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டை எண்ணுக்கு 0 என்று எழுதி, அதை இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் முப்பத்திரண்டு வரிகளும் 4294967295இன் முப்பத்திரண்டு வகுத்திகளை ஏறுவரிசையில் தந்துவிடும். முப்பத்து மூன்றாவது வரி 4294967297. ஃபெர்மா தவறிய அதே எண்.

மாலைவகுப்பு:

நான்கு வகுத்தல்களையும் நான்கு மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். 1153 கிடைத்தவருக்கு முதலில் 335 என்று மீதி வந்தது. ஈவின் கடைசி இலக்கத்தில் கழித்தலைத் தவறாகச் செய்திருந்தார். திருத்தியதும் 334 வந்தது. இறுதியாக ஒன்று: இவ்வளவு அழகாகப் பிரிகிற இந்த எண்ணுக்கு மிக அருகிலுள்ள மற்ற எண்களும் இப்படியே பிரியுமா? உதாரணமாக இரண்டை மட்டும் கூட்டிய 18446744073709551617?

இருமடி:

பிரியாது. அது 2⁶⁴ + 1. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எளிதில் எழுதக்கூடிய வாய்ப்பு அதற்கு இல்லை. அதன் காரணிகள் 256இன் மடங்கு கூட்டல் ஒன்று என்ற வடிவில் இருக்கும் என்று சல்லடையை வைத்துக்கொண்டாலும், முதல் காரணி 274177 வரை காத்திருக்க வேண்டும். அது 256 × 1071 + 1. 641ஓ 128 × 5 + 1. மற்றக் காரணி 67280421310721. 1855இல் கிளாவ்சன் இதைக் காஸுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். அதை அறியாத லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் 1880இல், தம் 82ஆம் வயதில், தாமே உழைத்துக் கண்டு வெளியிட்டார்.

சற்று மேலே போய் 2⁶⁷ − 1, அதாவது 147573952589676412927ஐப் பாருங்கள். வாய்பாட்டில் மூன்று அடுக்கு மட்டுமே கூடியிருக்கிறது. ஆனால் 67 பகா எண் என்பதால் அடுக்கை உடைத்து இறங்க வழியே இல்லை. 1644இல் மெர்சென் இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். 1876இல் லூக்கா இது பகு எண் என்று நிறுவினாலும், காரணி எது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. 1903 அக்டோபரில் ஃபிராங்க் நெல்சன் கோல் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டமொன்றில் இதன் காரணிகளை அறிவித்தார்: 193707721 × 761838257287. இங்கே காரணிகள் 134இன் மடங்கு கூட்டல் ஒன்று என்ற வடிவில் இருக்க வேண்டும். சிறிய காரணியே 134 × 14,45,580 + 1.

உங்கள் வகுப்பில் பொறுமையுள்ள மாணவர் யாரேனும் இருந்தால், 274177ஐக் கொண்டு தொடங்கச் சொல்லுங்கள். 2⁸, 2¹⁶, 2³², 2⁶⁴ என்று வர்க்கப்படுத்தி ஒவ்வொரு முறையும் 274177ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால், கடைசியில் 274176 வந்து நிற்க வேண்டும். 2¹⁶ வரை வகுத்தலே தேவைப்படாது, அதற்குப்பின் இரண்டே பெருக்கல்கள், இரண்டே வகுத்தல்கள்.